டிரான்ஸ்ஃபார்மர் அடியும் 17 புகார்களும்

எங்கள் தெருமுனையில் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. சுற்றிலும் கம்பிவேலி. வேலிக்கும் சாக்கடைக்கும் நடுவே ஆறடி இடம். அந்த ஆறடிதான் எங்கள் பகுதியின் குப்பைமேடு. முன்பு அங்கே ஒரு தொட்டி இருந்தது. வீட்டுக்கு வீடு பேட்டரி வண்டி வந்து குப்பை வாங்க ஆரம்பித்ததும் தொட்டியை எடுத்துவிட்டார்கள். தொட்டி போனதே தவிர பழக்கம் போகவில்லை. கேரி பேக்கில் கட்டி எடுத்துவந்து, பைக்கை நிறுத்தாமலே வீசிவிட்டுப் போகிறவர்களின் குறி ஒருநாளும் தப்பியதில்லை.

நான் வீட்டில் டியூஷன் எடுக்கிறேன். பாடம் நடக்கிற அறையின் ஜன்னல் அந்தப் பக்கம்தான். போன வருடம் மே மாதம், வெயில் மண்டையைப் பிளக்கும் ஒரு மாலையில், ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் தயங்கித் தயங்கிக் கேட்டான்: "டீச்சர், ஜன்னலச் சாத்திரலாமா?" அந்தப் புழுக்கத்தில் ஒரு பிள்ளை ஜன்னலைச் சாத்தச் சொல்கிறான் என்றால் வெளியே எப்படி நாறியிருக்கும்! அன்று இரவுதான் போனில் தூங்கிக் கிடந்த, குப்பைப் புகார் போடும் ஸ்வச்சதா செயலியைத் திறந்தேன்.

அது என் போனுக்கு வந்த கதையே தனி. 2019 ஜனவரியில் கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய இரண்டு பேர் வீட்டு வாசலுக்கு வந்து, "ஒரு நிமிஷம் போனைக் குடுங்க மேடம்" என்று வாங்கி, அவர்களே ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நகரங்களுக்கு இடையே தூய்மைத் தரவரிசை எடுக்கும் ஸ்வச் சர்வேக்ஷன் நேரம் அது. 2016இல் 73 நகரங்களோடு தொடங்கிய கணக்கெடுப்பு. முதல் வருடம் மைசூரு முதலிடம் பிடித்தது, மறுவருடத்திலிருந்து பல வருடம் தொடர்ந்து இந்தூர்தான் முதலிடம். மக்கள் செயலியைப் பயன்படுத்துவதற்கும் அதில் மதிப்பெண் இருந்தது. ஆக, ஊருக்கு ஒரு மார்க் வாங்கிக் கொடுத்துவிட்டு என் செயலி படுத்துக்கொண்டது. இன்னொரு வேடிக்கை, அதே ஜனவரி 1ஆம் தேதிதான் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது. கேரி பேக்கும் அதில் ஒன்று. டிரான்ஸ்ஃபார்மர் அடிக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

புகார் போடுவது சுலபம். போன் நம்பர், அதற்கு வரும் ஓடிபி, பிறகு என்ன வகைப் புகார் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். குப்பை குவிந்து கிடக்கிறது, வண்டி வரவில்லை, தெரு பெருக்கவில்லை, செத்த விலங்கு கிடக்கிறது, பொதுக் கழிப்பறை சுத்தமில்லை என்று ஒரு வரிசை இருக்கும். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, அனுப்பினால் ஒரு புகார் எண் வரும். முதல் தடவை அவசரத்தில் அனுப்பியதில் இடக்குறி பக்கத்துத் தெரு பிள்ளையார் கோவில் மேல் போய் உட்கார்ந்துகொண்டது. கோவில் வாசலில் குப்பையைத் தேடிவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம் இரண்டு பழக்கம் வைத்துக்கொண்டேன். இடக்குறி ஆடாமல் நிலைக்கும்வரை அரை நிமிடம் அதே இடத்தில் நிற்பது ஒன்று. அருகிலுள்ள மின்கம்பத்தில் பெயின்டில் எழுதியிருக்கும் எண்ணையும் சேர்த்து எழுதுவது இன்னொன்று. தெருப்பெயரைவிடக் கம்ப எண் நன்றாக வேலை செய்கிறது. ஒரே தெருவுக்கு மூன்று பெயர் இருக்கலாம், கம்பத்துக்கு ஓர் எண்தான்.

இரண்டாவது புகாருக்கு மறுநாளே ஆள் வந்தது. அள்ளி, பெருக்கி, பிளீச்சிங் பவுடர் தூவி, படம் எடுத்துப் போனார்கள். செயலியில் 'தீர்க்கப்பட்டது' என்று வந்தது. உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்குக் கால் தரையில் இல்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் போனை நீட்டிக் காட்டினேன்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்கு அதே இடத்தில் ஏழெட்டு மூட்டை.

மறுபடி புகார், மறுபடி அள்ளல், மறுபடி மூட்டை. நாலாவது புகாரை முடித்துவிட்டதாக வந்த படத்தில் ஒரு வேப்பமரம் இருந்தது. எங்கள் தெருவில் வேப்பமரமே கிடையாது. கோபத்தில் நீளமாக ஒரு பின்னூட்டம் எழுதி, புதிதாக இன்னொரு புகாரும் போட்டேன். அதே புகாரை மற்றவர்களும் ஆதரித்து ஓட்டுப் போடலாம் என்பதால் தெரு வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தேன். குழுவில் 28 கட்டைவிரல் விழுந்தது. செயலிக்குள் போய் ஓட்டுப் போட்டவர்கள் மூன்று பேர். அதில் ஒருவர் என் தங்கை, அவள் இருப்பது கோயம்புத்தூரில்.

இந்த நேரத்தில்தான் நான் ஒரு தப்புச் செய்தேன். ஒருநாள் காலையில் ஒரு பெண் மூட்டை போடுவதை ஜன்னலிலிருந்து படம் எடுத்து, முகம் தெரிய, குழுவில் போட்டுவிட்டேன். 'இவர்களைத்தான் பிடிக்க வேண்டும்' என்று ஒரு வரி வேறு. பத்து நிமிடத்தில் யார், எந்த வீட்டில் வேலை செய்கிறார் என்பதெல்லாம் வந்துவிட்டது. அந்த அம்மா ஒரு மாடி வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவர். வீசியது அவர் வீட்டுக் குப்பையில்லை, அந்த மாடி வீட்டுக் குப்பை. 'போகும்போது அங்கே போட்டுட்டுப் போயிரு' என்று சொல்லி அனுப்பிய முதலாளியம்மா எங்கள் குழுவிலேயே இருக்கிறார், என் படத்துக்குக் கட்டைவிரலும் போட்டிருந்தார். நான் படத்தை நீக்குவதற்குள் அது வேறு இரண்டு குழுக்களுக்குப் போய்விட்டது. அந்த அம்மாவைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க டீச்சர்" என்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஆள் இருக்கும் படம் எதையும் நான் எடுப்பதில்லை.

எங்கள் தெருவுக்கு வண்டி ஓட்டி வருகிற தூய்மைப் பணியாளர் ஒரு நாற்பது வயதுப் பெண். ஒப்பந்தத்தில் இருப்பவர். ஆறேழு புகார் ஆனபிறகு ஒருநாள் வாசலில் நிறுத்திக் கேட்டார்: "டீச்சர், அந்தப் போட்டோ எல்லாம் நீங்கதானா?"

ஆமாம் என்றேன். சண்டைக்கு வருவார் என்று நினைத்தேன்.

"தப்பாச் சொல்லல. ஆனா போட்டோ வந்ததும் மேஸ்திரி எனக்குத்தான் போன் போடுறாரு. போட்டது போட்டபடி விட்டுட்டு இங்க வந்து அள்ளணும், திருப்பி போட்டோ எடுத்து அனுப்பணும். அந்த நேரத்துல நான் பின்னாடிச் சந்துல நிக்கணும். நான் போகலன்னா அந்தச் சந்துச் சனம் என்ன செய்யும்? கொண்டாந்து இங்கயேதான் போட்டுட்டுப் போகும்."

எனக்கு இது உறைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. அந்த மேட்டுக்கு நானும் குப்பை சேர்த்துக்கொண்டிருந்திருக்கிறேன், வீட்டை விட்டு இறங்காமலே.

அன்றிலிருந்து படம் எடுப்பதை நிறுத்தினேன். டியூஷன் பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றை எடுத்து, ஆறு நாள், காலை ஆறிலிருந்து பத்து வரைக்கும், மாலையிலும், ஜன்னலோரம் உட்கார்ந்து மணியை மட்டும் குறித்தேன். யார் என்று எழுதவில்லை, எத்தனை மணி, எந்தத் திசையிலிருந்து, அவ்வளவுதான். நான் பரோட்டாக் கடைக்காரர்தான் முக்கியக் குற்றவாளி என்று முடிவே கட்டி வைத்திருந்தேன். அவர் கடை இலையையெல்லாம் தினம் ஒரு மாட்டுக்காரர் வந்து எடுத்துப் போகிறார் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரும்பாலான மூட்டைகள் காலை ஏழேகாலுக்கும் எட்டரைக்கும் நடுவில், பின்சந்துப் பக்கமிருந்து வந்தன. வண்டி எங்கள் முனைக்கு வருவது ஒன்பது நாற்பதுக்கு.

பின்சந்தில் வரிசையாகக் காம்பவுண்டு வீடுகள், 19 குடும்பம். அங்கே ஒருவர்கூட எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இல்லை. இத்தனை நாளாக 'மக்கள் பங்கேற்பு' என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது எங்கள் தெருவின் ஒரு பக்கத்தைத்தான். நேரில் போய்க் கேட்டேன். 19இல் 11 வீட்டில் எட்டு மணிக்கு மேல் ஆளே கிடையாது. மில்லுக்கும் ஜவுளிக் கடைக்கும் போகிறவர்கள். "வண்டி வரும்போது வீடு பூட்டிருக்கு. மீன் கழுவின குப்பையை உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போகவா?" என்று ஒரு பாட்டி கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. அப்போது நடப்பிலிருந்த 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வீட்டிலேயே ஈரக் குப்பை, உலர் குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுக்கச் சொல்லின. தெருவில் வீசவோ எரிக்கவோ கூடாது என்றன. எல்லாம் சரி, கொடுக்கிற நேரத்தில் வாங்க ஆள் வர வேண்டுமே.

பிரிண்ட் எடுத்த தாள்களோடு சுகாதார ஆய்வாளரைப் பார்க்கப் போனேன். முதல் நாள் ஆள் இல்லை, இரண்டாவது நாள் கூட்டம், மூன்றாவது நாள் பத்து நிமிடம் கிடைத்தது. அவர் சொன்னது எனக்கு உபயோகமாக இருந்தது. "மேடம், நீங்க 'குப்பை குவிஞ்சிருக்கு'ன்னு போட்டா நாங்க குவியலை அள்ளணும். அள்ளிட்டா அந்தப் புகார் முடிஞ்சுது. சந்துக்கு வண்டி வரலைங்கறதுதான் பிரச்சினைன்னா 'வண்டி வரவில்லை'ன்னு போடுங்க. அது வண்டி ரூட் பார்க்கிற ஆளுக்குப் போகும். நேரம் மாத்தணும்னா அது செயலியில நடக்காது, மனுவா எழுதிக் குடுங்க." மூன்று மாதமாக நான் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் ஊரிலும் இந்தச் செயலியோ வேறு எதுவோ இருந்தால், படம் எடுப்பதற்கு முன் அந்த வகைப் பட்டியலை நிதானமாக ஒருமுறை படியுங்கள்.

சந்துக்காரர்கள் தங்கள் போனிலிருந்தே நாலு புகார் போட்டார்கள், 'வண்டி வரவில்லை' என்று. இரண்டு பேருக்கு நான் செயலியை ஏற்றிக் கொடுத்தேன், மற்றவர்களுக்கு அவர்கள் வீட்டுப் பிள்ளைகள். மனுவில் 31 கையெழுத்து. நோட்டிலிருந்த மணிக்கணக்கை ஒரு பக்க அட்டவணையாக இணைத்தேன். அதைக் கொடுத்து ஒப்புகை வாங்காமல் வரக் கூடாது என்று கவுன்சிலர் வீட்டில் வேலை பார்க்கும் ஒருவர் காதோடு சொல்லியிருந்தார். வாங்கிக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்து வண்டி ஆறே முக்காலுக்குச் சந்துக்குள் வந்தது. சந்து குறுகல் என்பதால் முனையில் நிறுத்தி விசில் அடிக்கிறார்கள், வீட்டுக்காரர்கள் எடுத்து வருகிறார்கள். எங்கள் தெருவுக்கு ஏழரை. இதனால் வரிசையின் கடைசியில் இருக்கும் தெருவுக்குப் பத்தரை மணியாகிறது. அங்கே பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள் என்பதால் பெரிய எதிர்ப்பில்லை, ஒரு ரிட்டயர்டு தாசில்தாரைத் தவிர.

டிரான்ஸ்ஃபார்மர் அடியை ஒரு சனிக்கிழமை முழுதாகச் சுத்தம் செய்தார்கள். இந்த மாதிரி, எடுக்க எடுக்கக் குப்பை சேரும் இடங்களுக்கு அதிகாரிகள் 'ஜி.வி.பி.' (கார்பேஜ் வல்னரபிள் பாயின்ட்) என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அள்ளிய கையோடு அங்கே கோலம் போட்டுவிடுவது பல ஊர்களில் வழக்கம். கோலத்தின் மேல் குப்பை வீச நம் கை கொஞ்சம் கூசும். சந்துப் பெண்களும் அந்தப் பணியாளரும் சேர்ந்து போட்டார்கள். நான் பழைய பெயின்ட் வாளிகளில் செம்பருத்தியும் துளசியும் வைத்தேன். முதல் வாரத்திலேயே இரண்டு வாளி காணாமல் போனது. செடிக்காக எடுத்தார்களா வாளிக்காகவா தெரியவில்லை. துளசியை மட்டும் வேரோடு பிடுங்கி மண்ணில் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள், நல்ல மனசு.

வார நாட்களில் இப்போது அந்த இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் கோழிக் கழிவு வருகிறது, இருட்டினபிறகு, பைக்கில். அதற்காகப் போட்டதும் சேர்த்துத்தான் என் கணக்கில் மொத்தம் 17 புகார். அந்த ஆளை இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

போன வாரம் வண்டிக்காரப் பெண் வாசலில் நிறுத்தி, "டீச்சர், அந்த போன்ல எங்க வண்டியைப் பத்திப் போட முடியுமா?" என்றார். பின்சக்கரம் ஆடுகிறதாம், ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டியிருக்கிறதாம். மேஸ்திரியிடம் சொல்லி ஒரு மாதமாகிறது. நான் செயலியைத் திறந்து மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அவரும் வண்டியில் சாய்ந்தபடி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கென்று ஒரு வகை இல்லை.

"சரி, இருங்க" என்று உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாள் எடுத்து வந்தேன். அவர் பெயர் போட வேண்டாம் என்றார். என் பெயரில், 'எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வரும் வண்டியின் பின்சக்கரம் பழுதாக இருப்பதால்' என்று தொடங்கி எழுதி, சந்தில் ஏழு பேரிடம் கையெழுத்து வாங்கினேன். திங்கட்கிழமை கொடுத்தாயிற்று. ஒப்புகை பிரிட்ஜ் மேல் இருக்கிறது.