எங்கள் மலைக்கும் ஒரு கரை உண்டு

கடல் பார்க்க வேண்டுமென்றால் இலங்கை மலையகத்துக்காரர்கள் பஸ் ஏறித்தான் போக வேண்டும், அது தெரிந்த கதை. ஆனால் கரை என்று ஒன்று எங்களுக்கும் இருக்கிறது. மஸ்கெலியா டவுனைத் தாண்டி நல்லதண்ணி ரோட்டில் போனால் மவுசாகலை நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கீழே கூடவே வரும், மலை மடிப்பு ஒவ்வொன்றுக்குள்ளும் புகுந்து சின்னச் சின்னக் குடாக்களாக நிற்கும், அப்படி ஒரு குடாவுக்கு மேலேதான் எங்கள் லயம், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள். வாசலில் நின்றால் முதலில் தேயிலை, அதற்குக் கீழே டர்பன்டைன் மரங்கள், அப்புறம் தண்ணீர், அந்தப் பக்கம் சிவனொளிபாதமலை. சாயங்காலம் சூரியன் அந்தப் பக்கமாக இறங்கும்போது கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வருகிற பெண்கள்கூட ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார்கள், தினமும் பார்ப்பதுதான் என்றாலும்.

கடலுக்கு ஏற்றமும் வற்றமும் ஒரே நாளில் வந்துவிடும், எங்கள் தண்ணீருக்கு ஒரு வருஷம் ஆகும். தை பிறந்து மழை நின்றால் மெல்ல இறங்க ஆரம்பிக்கும், மாசி பங்குனியில் நன்றாக உள்வாங்கிவிடும், தண்ணீர் நின்ற இடமெல்லாம் செம்மண்ணில் படி படியாகக் கோடு விழுந்திருக்கும். அந்த மண்ணில் இறங்கி நடந்தால் தேயிலைக் கட்டைகள் இன்னும் நிரை மாறாமல் நிற்பதைப் பார்க்கலாம், இலை இல்லை, பட்டை இல்லை, வெளுத்துப் போன வேர் மட்டும் மண்ணைக் கவ்விக்கொண்டு இருக்கிறது. பக்கத்திலேயே செங்கல் துண்டு, பீங்கான் ஓடு, உடைந்த அம்மியில் பாதி.

ஏனென்றால் அது வெறும் பள்ளத்தாக்கு இல்லை. 1969இல் மஸ்கெலியா ஓயாவை மறித்து அணை கட்டி முடித்தபோது பழைய மஸ்கெலியா டவுன் தண்ணீருக்குள் போனது, இப்போதிருக்கிற டவுன் அதற்குப் பிறகு மேட்டில் எழுந்தது. கடும் வறட்சி வந்தால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் வெளியே தெரியும், உடனே எல்லாரும் போன் எடுத்துக்கொண்டு ஓடி வருவார்கள். எங்கள் தாத்தா மட்டும் படம் எடுக்க மாட்டார். "இந்தா, இங்கனதான் கடை வீதி, இந்தப் பக்கமா வா தம்பி" என்று தெருவோடு நடக்கிற மாதிரியே எங்களைக் கூட்டிக்கொண்டு போவார்.

வைகாசியில் தென்மேல் பருவமழை இறங்கியதும் இதெல்லாம் மூடிவிடும். இந்தத் தண்ணீர் கெனியன் மின்நிலையத்துக்குப் போய், அங்கிருந்து புதிய லக்ஷபான மின்நிலையத்துக்குப் போய், கடைசியில் களனி கங்கையாகக் கொழும்புக்கு வடக்கே கடலில் சேர்கிறது. கொழும்புக்காரர்கள் குடிக்கிற தண்ணீரில் பெரும்பங்கை அம்பத்தலேயில் இதே களனியிலிருந்துதான் எடுக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கரையில் நடப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. டிசம்பர் பௌர்ணமிப் போயாவிலிருந்து மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலை ஏற லட்சக்கணக்கான சனம் வருகிறது, சாமி கும்பிட வருகிறவர்களை யாரும் குறை சொல்ல முடியாது, ஆனால் மலைப்பாதையில் இருக்கிற சீத கங்குல ஓடையில் விட்டெறிகிற ஷாம்பு பைக்கட்டும் போத்தலும் ஓடையோடு வந்து எங்கள் குடாவின் மூலையில்தான் ஒதுங்குகிறது. அதோடு தேயிலையைக் கைவிட்ட சரிவுகளில் மானாப்புல்லுக்கு ஒவ்வொரு கோடையும் நெருப்பு வைக்கிறார்கள், அடுத்த மழைக்கு அந்த மண் முழுக்கக் கீழே இறங்குகிறது, மழை விட்டு நாலைந்து நாள் ஆனாலும் குடா சிவந்தே கிடக்கும். சரிவுக்குக் கீழே தண்ணீர் ஓரமாக வரிசையாக மரம் வைத்து, அதை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொண்டாலே பாதி மண் நின்றுவிடும். தோட்ட நிர்வாகமும் நாங்களும் சேர்ந்தால் முடியாத காரியம் இல்லை.

பார்க்க வருவதானால் வறட்சியில்தான் வர வேண்டும் என்று இல்லை. மழை விட்டுவிட்டுப் பெய்கிற ஆவணி புரட்டாசியில் காலையிலேயே வாருங்கள், பனி மூட்டம் கலைவதற்குள். வற்றியிருக்கிற நேரம் வந்தால் சேற்றில் தனியாக இறங்க வேண்டாம், மேலே காய்ந்த மாதிரி தெரியும், உள்ளே முழங்கால் வரைக்கும் இழுக்கும். லயத்துப் பிள்ளைகளைக் கேட்டால் எந்தப் பக்கம் கெட்டித் தரை என்று காட்டுவார்கள். கொண்டு வந்த போத்தலைத் திருப்பி எடுத்துக்கொண்டு போங்கள்.