பார்சிலோனாவில் எத்தனை மணிக்கு எங்கே நிற்பது

பார்சிலோனாவின் பெரிய தேவாலயமான சக்ராதா ஃபமீலியாவுக்கு இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பலரும் நாளை யோசித்து எடுக்கிறார்கள். நேரத்தை மட்டும், காலியாக இருப்பதில் ஏதோ ஒன்றை அழுத்திவிடுகிறார்கள். நண்பகல் 1 மணிக்கு உள்ளே போனால் நல்ல கட்டடம் ஒன்றைப் பார்த்துவிட்டு வரலாம், அவ்வளவுதான். அதை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி நினைத்தது அதுவல்ல.

இயேசுவின் பிறப்பைச் சிற்பங்களில் காட்டும் பிறப்பு முகப்பு வடகிழக்கைப் பார்க்கிறது. அந்தப் பக்கத்து வண்ணக் கண்ணாடிகள் நீலமும் பச்சையும். எதிரே, தென்மேற்கைப் பார்த்த, இயேசு பட்ட பாடுகளைக் காட்டும் பாடுகளின் முகப்புப் பக்கம் ஆரஞ்சும் சிவப்பும். காலை 9 மணியிலிருந்து பத்தரை வரை உள்ளே குளத்தடி வெளிச்சம். சாய்ந்த மாலை வெயிலில் தூண்கள் தணல் நிறமாகும். ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் மாலையைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எந்த மாதம் என்று பாருங்கள். டிசம்பரில் ஐந்தரைக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும், அதனால் மூன்று மணிக்கே உள்ளே இருக்க வேண்டும். ஜூனில் ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். ஆறு மணிக்குப் போனால் போதும். மேகமூட்டமான நாளில் நிறம் எழாது, அதற்கு யாரும் பணம் திருப்பித் தரப் போவதில்லை.

உள்ளே நுழைந்ததும் கழுத்தை அண்ணாந்து நிற்பதற்கு முன் தூண்களின் கல்லைப் பாருங்கள். நடுவில் அதிகப் பாரம் தாங்கும் நான்கும் சிவப்பு போர்ஃபிரி. அடுத்தவை கரிய பசால்ட், பிறகு கிரானைட். குறைந்த பாரம் உள்ள இடத்தில் மணற்கல். எங்கே எவ்வளவு எடை இறங்குகிறது என்பதைக் கல்லின் நிறமே காட்டிக்கொடுக்கும். தூண்கள் மேலே மரக்கிளைபோல் பிரிந்து, கூரையின் எடையைச் சாய்வாக வாங்கிக்கொள்கின்றன. அதனால்தான் கோதிக் தேவாலயங்களில் வெளியே நிற்கும் முட்டுச் சுவர்கள் இங்கே இல்லை. இந்தச் சாய்வைக் கண்டுபிடிக்கும் வழியைக் கௌடி இன்னொரு கட்டடத்தில், கொலோனியா குவெல் தேவாலயத்தில், பழகிக்கொண்டார். சரடுகளில் ஈயக் குண்டு நிரப்பிய சின்னப் பைகளைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டார். அது எந்த வளைவில் தொங்குகிறதோ, அதையே நிமிர்த்தினால் பாரம் தாங்கும் வளைவு.

கோபுரத்துக்குத் தனி டிக்கெட். பிறப்பு முகப்பா பாடுகளின் முகப்பா என்று முன்பே சொல்ல வேண்டும். மேலே போக லிஃப்ட், இறங்குவது குறுகிய சுழல் படிக்கட்டில். முழங்கால் வலி உள்ளவர்கள் தவிர்க்கலாம். 6 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளை விடுவதில்லை. காற்று பலமாக அடித்தால் கோபுரத்தை மூடிவிடுவார்கள்.

வெளியே வந்ததும் பிறப்பு முகப்பின் தூண் அடிகளில் இரண்டு ஆமைகளைத் தேடுங்கள். கடல் பக்கம் கடலாமை, மலைப் பக்கம் நில ஆமை. பார்சிலோனாக்காரர்கள் வழி சொல்வதும் இப்படித்தான்: 'கடல் பக்கம்', 'மலைப் பக்கம்'. 1859இல் நகரத் திட்டமிடுநர் இல்தெஃபோன்ஸ் சேர்தா திட்டம் போட்ட எய்ஷாம்ப்ளா பகுதியின் தெருக்கள் திசைகாட்டிக்கு 45 பாகை திரும்பியிருப்பதால், வடக்கு தெற்கு என்று யோசித்தால் குழம்பித்தான் போவீர்கள். ஆனால் எல்லாச் சுவருக்கும் நாளில் ஏதோ ஒரு நேரம் வெயில் கிடைப்பதும் இந்தத் திருப்பத்தால்தான்.

நான்கு தெருக்களுக்கு நடுவிலுள்ள ஒரு சதுரக் கட்டத்தின் பக்கம் சுமார் 113 மீட்டர், தெரு 20 மீட்டர். ஏழரைக் கட்டம் தாண்டினால் ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூலைகளைச் சாய்வாக வெட்டியிருப்பதால் பாதசாரிக் கோடுகள் உள்ளே தள்ளி இருக்கும். நேரே நடக்க முடியாது. ஒவ்வொரு சந்திப்பிலும் வளைந்து போய்க் கடந்து, மறுபடி வளைந்து வர வேண்டும். சின்னக் குழந்தைகளோ பெரியவர்களோ கூட வந்தால் மெட்ரோவே மேல். பத்துப் பயண 'தே-கஸுவால்' அட்டை ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. இருவர் பகிர முடியாது. விமான நிலைய மெட்ரோவில் அது செல்லாது, ஆனால் இரண்டாம் முனையத்திலிருந்து வரும் ஆர்2 நோர்த் ரயிலில் செல்லும். இது தெரியாமல் தனிக் கட்டணம் கட்டுபவர்களே அதிகம்.

தேவாலயத்திலிருந்து அவென்யு கௌடி வழியாகப் பத்து நிமிடம் நடந்தால் சாந்த் பாவ் மருத்துவமனை வளாகம். கௌடி காலத்துக் கட்டடக் கலைஞர் டொமெனெக் இ மொண்டானெர் வடிவமைத்தது. அவர் வளாகத்தையே சேர்தாவின் கட்டங்களுக்கு 45 பாகை திருப்பி வைத்தார். செங்கல் மண்டபங்களை நிலத்தடிச் சுரங்கப் பாதைகள் இணைக்கின்றன. கூட்டம் குறைவு. கௌடியின் இன்னொரு வீட்டைப் பார்ப்பதைவிட இது மேல் என்பேன்.

வீடு பார்த்தே ஆக வேண்டும் என்றால், கௌடியின் காசா பாத்யோவின் முகப்பைத் தெருவிலிருந்தே ரசிக்கலாம். காலையில்தான் அதன்மேல் வெயில் விழும். கட்டணம் கட்டி உள்ளே போனால் நடுவிலுள்ள வெளிச்சக் கிணற்றைத் தவறவிடாதீர்கள். ஓடுகள் மேலே அடர்நீலம், கீழே வர வர வெளிறும். ஜன்னல்கள் மேலே சிறியவை, கீழே பெரியவை. எல்லா மாடிக்கும் ஒரே அளவு வெளிச்சம் போகக் கௌடி அப்படிச் செய்திருக்கிறார்.

இனி வயிறு. மதியச் சாப்பாடு 1 முதல் 4 வரை, இரவுச் சாப்பாடு எட்டரைக்குப் பிறகு. இடையில் நல்ல சமையலறைகள் மூடிவிடும். மாலை ஐந்து மணிக்குப் படம் போட்ட மெனுவோடு பயேயா என்ற அகலச் சட்டிச் சோறு தருகிற கடை உங்களுக்காகவே திறந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள். முறையான பயேயாவுக்கு அரிசி போட்டபின் மட்டுமே இருபது நிமிடம் ஆகும். பெரும்பாலும் இரண்டு பேருக்குக் குறையாமல்தான் செய்வார்கள். வாரநாள் மதியத்தில் 'மெனு தெல் தியா', அதாவது அன்றைய சாப்பாடு, கேளுங்கள்: முதல் தட்டு, இரண்டாம் தட்டு, இனிப்பு, ரொட்டி, குடிக்க ஒன்று, எல்லாம் ஒரே விலையில். வெளியே போட்ட மேசையில் உட்கார்ந்தால் கூடுதலாக வாங்கும் கடைகள் உண்டு.

சைவர்கள் கவனிக்க வேண்டிய சொல் 'வெஹெதால்'. காய்கறி என்றுதான் பொருள், ஆனால் அந்தப் பெயர்கொண்ட சாண்ட்விச்சில் சூரை மீனும் முட்டையும் இருக்கும். பருப்புக் குழம்பில் சோரிஸோ என்ற பன்றி இறைச்சித் தொத்திறைச்சி மிதக்கும், குரொகெத்தா என்ற பொரித்த உருண்டைக்குள் ஹமோன் என்ற உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடை, சோற்றுக்கு மீன் எலும்புச் சாறு. 'கார்னே' என்றால் பலருக்கும் பெரிய இறைச்சித் துண்டுதான். ஹமோன் அந்தக் கணக்கில் வராது. அதனால் மூன்றையும் தனித்தனியாகச் சொல்லுங்கள்: சின் கார்னே (இறைச்சி இல்லாமல்), சின் பெஸ்காதோ (மீன் இல்லாமல்), சின் ஹமோன் (ஹமோன் இல்லாமல்). நம்பிக் கேட்கக்கூடியது எஸ்கலிவாதா, சுட்ட கத்திரிக்காயும் குடைமிளகாயும் எண்ணெயில். உலர்திராட்சையும் பைன் பருப்பும் போட்ட கத்தலான் கீரையும் உண்டு, அதிலும் ஹமோன் துணுக்கு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா மேசைக்கும் வருவது பா அம் தொமாக்கட், தக்காளி தேய்த்த ரொட்டி. தங்கும் இடத்தில் அடுப்பு இருந்தால் நீங்களே செய்யலாம். நேற்றைய நாட்டு ரொட்டியைச் சுட்டு, சூடாக இருக்கும்போதே பூண்டை ஒரு தரம் தேய்க்கவும். நன்கு பழுத்த தக்காளியைக் குறுக்கே வெட்டி, கையில் தோல் மட்டும் மிஞ்சும்வரை ரொட்டியில் அழுத்தித் தேய்த்து, உப்பு தூவிக் கடைசியில் ஆலிவ் எண்ணெய் ஊற்றவும். ரொட்டி மென்மையாக இருந்தால் கூழாகிவிடும். தக்காளியை போகெரியா சந்தையில் வாங்குவதாக இருந்தால் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள். ஞாயிறன்று சந்தை கிடையாது.