எதுக்கு டிக் போடட்டும்?

ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல், கணித ஆசிரியர்கள் ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம் நான்கையும் இணைத்துக் கற்பிக்கும்) கல்வியை எப்படிப் பார்க்கிறார்கள் என்று அறிய ஒரு வினாநிரல் தயாரித்தோம். நாற்பது கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 'முற்றிலும் உடன்படவில்லை' முதல் 'முற்றிலும் உடன்படுகிறேன்' வரை ஐந்து கட்டம். ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, அதை இன்னொருவரை விட்டு மறுபடி ஆங்கிலமாக்கி ஒப்பிட்டது வரை எல்லாம் என் தலையில் விழுந்த வேலை.

முதலில் வல்லுநர்கள் பத்து பேர். உளவியலாளர் லாஷே 1975-இல் சொன்ன முறைப்படி, ஒரு கூற்றை எத்தனை பேர் 'அவசியம்' என்கிறார்கள் என்று எண்ண வேண்டும். அந்த எண்ணிக்கை பாதியை எவ்வளவு தாண்டுகிறதோ, அதை அந்தப் பாதியால் வகுத்தால் விகிதம். பத்து பேர் இருந்தால் அது 0.62-ஆவது வேண்டும், எட்டு பேர் சரி என்றாலும் ஐந்தைத் தாண்டிய மூன்றை ஐந்தால் வகுத்து 0.6தான் வரும், கூற்று அவுட். நல்ல கூற்றுகள் சில அப்படி மயிரிழையில் போயின. தப்பித்ததில் ஒன்று: "பொறியியலில் மாணவர்களுக்கு ஆர்வம் வரும்படி கற்பிக்கிறேன்." பத்துக்குப் பத்து.

முன்னோட்டத்தில் வினாநிரலின் நம்பகத்தன்மையைச் சொல்லும் கிரான்பாக் ஆல்பா 0.9-ஐத் தாண்டியது. 0.7 வந்தாலே போதும் என்பார்கள், ஆய்வு கைடுக்கு ஏக சந்தோஷம். எனக்கு என்னவோ உறுத்தியது. தாள்களைப் புரட்டினால் கோடு இழுத்த மாதிரி ஒரே பத்தியில் டிக். கூற்றுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பதைத்தான் ஆல்பா பார்க்கும். ஒருவர் நாற்பதுக்கும் நான்கு, இன்னொருவர் நாற்பதுக்கும் ஐந்து என்று போட்டுக்கொண்டே போனால் அது ஜம்மென்று ஏறிவிடும்.

சரி என்று ஒரு கணித டீச்சரிடம் உட்கார்ந்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டே நிரப்பச் சொன்னேன். "ஒருங்கிணைத்துக் கற்பிக்கப் போதிய நேரமும் கருவிகளும் உள்ளன" என்ற இடத்தில் பேனா நின்றது.

"கருவி இருக்கு சார், பீரோல பூட்டி வச்சிருக்கு. நேரந்தான் இல்ல. எதுக்கு டிக் போடட்டும்?"

கேட்டுவிட்டு அவரே நடுக்கட்டத்தில் போட்டார். பொறியியல் கூற்றுக்கு ஐந்து. எப்படி டீச்சர் என்றேன். "ப்ளஸ் டூ முடிச்சதும் கவுன்சலிங் போங்கன்னு சொல்லிட்டே இருப்பேனே!" நாங்கள் மனதில் வைத்திருந்தது, பிள்ளைகள் ஒரு பிரச்சினையை எடுத்து, மாதிரி செய்து, உடைந்தால் மாற்றிச் செய்வதை. பத்து வல்லுநருக்கும் இது தட்டவில்லை. எனக்கும்தான்.

தாளைக் கொடுக்கும்போது மெதுவாகக் கேட்டார், "இது சி.இ.ஓ. ஆபீஸுக்குப் போகுமா சார்?" முதன்மைக் கல்வி அலுவலரைத்தான் சொன்னார். முதல் வரியிலேயே பெயரும் பள்ளியும் கேட்டிருந்தோம், பிறகு யார்தான் 'உடன்படவில்லை' என்று போடுவார்கள்?

அந்த வரியை எடுத்தோம். நேரத்தையும் கருவியையும் தனித்தனிக் கூற்றாக்கினோம், பொறியியல் கூற்றை மாற்றி எழுதினோம், 'ஸ்டெம் செயல்பாடுகளால் பாடம் முடிக்க முடிவதில்லை' என்பதுபோல் எதிர்த்திசைக் கூற்றுகள் சிலவற்றை இடையிடையே நுழைத்தோம். அடுத்த சுற்றில் ஆல்பா 0.78.

"ஏன்பா இறங்கிடுச்சு?" என்றார் கைடு. தாள் கட்டைப் பிரித்து அவர் மேஜையில் வைத்தேன். டிக்குகள் கோணல்மாணலாக இருந்தன.