பானெட்டுக்குள் ஒரு 350 வி8

பாறை, மேடு ஏறும் 1/10 அளவு ரிமோட் வண்டியான கிராலருக்கு, காட்சிக்கு மட்டும் ஒரு போலி எஞ்சின் செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் பெயின்டில்தான் உயிரை விடுகிறார்கள். பெயின்ட் கடைசி வேலை. எந்தப் பாகம் எங்கே இருக்கிறது என்பது சரியாக அமைந்தால், சுமாரான பெயின்டிலும் எஞ்சின் நிஜமாகத் தெரியும். செவர்லே கே5 பிளேசர் பாடிக்குப் பொருந்தும் 350 (கன அங்குலம்) ஸ்மால் பிளாக் வி8-ஐ வைத்தே சொல்கிறேன்.

முதலில் அளவு. 1969-இல் வந்த பிளேசரின் வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு இடையிலான தூரம்) 104 அங்குலம், அதாவது 2642 மி.மீ. 1/10 என்றால் 264 வர வேண்டும். ஆனால் கிராலர் சேசிஸ்களில் 313, 324 மி.மீ.தான் சகஜம். அதனால் வீல்பேஸை வைத்துக் கணக்கிட்டால் எஞ்சின் பெருத்துவிடும். பாடியின் அகலத்தை அளந்து அதிலிருந்து விகிதத்தை எடுங்கள்.

350-இல் ஒரு சிலிண்டர் மையத்திலிருந்து அடுத்ததற்கு 4.4 அங்குலம், 1/10-இல் 11.2 மி.மீ. ஹெட், வால்வு கவர், எக்ஸாஸ்ட் எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை. இரு சிலிண்டர் வரிசைகளுக்கும் இடையே 90 டிகிரி. வண்டிக்குள் உட்கார்ந்து முன்னே பார்க்கும்போது இடது வரிசை கொஞ்சம் முன்னால் தள்ளி இருக்கும்.

அதிகம் தவறுவது எக்ஸாஸ்டில். நான்கு குழாய்களையும் சம இடைவெளியில் வைத்துவிடுகிறார்கள். இந்த ஹெட்டில் நடு இரண்டு துளைகளும் ஒட்டியே இருக்கும், ஓரத்து இரண்டும் விலகி நிற்கும். தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பதே இதைத்தான். ஹெடர் எனப்படும் இந்த எக்ஸாஸ்ட் குழாய் 1 5/8 அங்குலம் என்றால் 4.1 மி.மீ.; 4 மி.மீ. அலுமினியக் கம்பி கையாலேயே வளையும். எட்டுத் துண்டு, தலா 60 மி.மீ., மொத்தம் 16 கிராம்தான். அதே தடிமன் ஈயக் கம்பியில் செய்தால் 50 கிராம் தாண்டும். முன்பக்கம் உயரத்தில் ஏறும் அந்த எடை பக்கச் சரிவில் வண்டியைக் கவிழ்த்துவிடும்.

பிளாக்கை 1 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் ஷீட்டில் வெற்றுக் கூடாகக் கட்டுங்கள். உள்ளே வண்டியை ஓட்டும் 36 மி.மீ. விட்டமுள்ள 540 மோட்டார் உட்கார வேண்டும். சுற்றிலும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி, அடியும் பின்பக்கமும் திறப்பு. பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் 3டி பிரின்ட் செய்த கூடு வேண்டவே வேண்டாம். 60 டிகிரியை நெருங்கும்போதே அது இளகும்; மெதுவாக மேடு ஏறும் மோட்டார் அந்தச் சூட்டை எளிதில் தாண்டும்.

ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டர் பின்னால், ஃபயர்வால் (எஞ்சினுக்கும் கேபினுக்கும் இடைச் சுவர்) பக்கம். முன்னால் வைத்தால் அது ஃபோர்டு. பிளக் வயருக்கு லேன் கேபிளின் உள்வயரை எடுங்கள்: உறையோடு ஏறக்குறைய 0.9 மி.மீ., ஒற்றைக் கம்பி என்பதால் வளைத்த இடத்தில் நிற்கும். இடது வரிசை முன்னிருந்து 1-3-5-7, வலது 2-4-6-8. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் கடிகாரச் சுற்றில் 1-8-4-3-6-5-7-2 என்ற வரிசையில் செருகினால் வயர்கள் நிஜத்தில் போலவே ஒன்றையொன்று தாண்டிப் போகும். இதற்குச் செலவாகும் பொறுமை வீண் போகாது. சூப்பர் குளூவை மட்டும் நம்பி மேலே ஒட்டாதீர்கள். அதிர்வில் பொரிந்து உதிரும், அதன் ஆவி பெயின்டில் வெள்ளை பூக்கும். 1 மி.மீ. துளை போட்டு 2 மி.மீ. ஆழம் செருகிய பிறகு ஒரு பொட்டு பசை போதும். பிளக் முனையில் ஹீட் ஷ்ரிங்க் துண்டு.

ரேடியேட்டர் ஹோஸுக்கு 2.5 சதுர மி.மீ. கறுப்பு வீட்டு வயர் கச்சிதம். ஏர் கிளீனர் 14 அங்குலம், அதாவது 35.6 மி.மீ. வட்டம், நடுவில் ஒரு விங் நட். பானெட் மூடுமா என்று இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள், பெரும்பாலும் இடிப்பது இதுதான்.

ரேடியேட்டருக்குப் பின்னால் 30 மி.மீ. மின்விசிறி ஒன்றை மறைத்தால் மோட்டாருக்கும் காற்று கிடைக்கும். ரிசீவரின் காலிச் சேனலில் சிவப்பு, கறுப்பு இரண்டை மட்டும் இணையுங்கள். ரிசீவருக்கு மின்சாரம் கொடுக்கும் பிஇசி தரும் வோல்ட்டுக்கு ஏற்ற விசிறியாக இருக்கட்டும்.

பெயின்டுக்கு முன் எஞ்சினை வைத்து, முன் சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பாருங்கள். ஹெடரில் சஸ்பென்ஷன் லிங்கோ, ஸ்டியரிங்கைத் திருப்பும் சர்வோ மோட்டாரின் கையோ உரசினால் அப்போதே வளைத்துக்கொள்ளலாம். பிறகு பிரைமர், செவி ஆரஞ்சு.