விஸ்கி கடுகு விழுது: மூன்றாவது முறையில்தான் காரம் ஏறியது

விஸ்கி சேர்த்த கடுகு விழுதை முதன்முதலில் ருசித்தபோது பிடித்துப்போன விஷயம் ஒன்று உண்டு. காரம் சுர்ரென்று மூக்கில் ஏறி, அது இறங்கும் நேரத்தில் ஓக் பீப்பாயின் மணம் மெல்ல வந்தது. இரண்டில் எதுவும் மற்றதை அமுக்கவில்லை. அதைச் சொந்தக் கையால் செய்ய மூன்று முறை முயன்றேன்.

முதல் முறை: மஞ்சள் கடுகு 60 கிராம், பழுப்புக் கடுகு 40 கிராம். நேரே 150 மில்லி விஸ்கியில் போட்டு இரண்டு நாள் ஊறவிட்டேன். அரைத்து, உப்பும் தேனும் கலந்து நாக்கில் வைத்தால் சாராயத்தின் எரிச்சலும் கசப்பும்தான். கடுகின் காரத்தைக் காணோம்.

காரணத்தைத் தேடிப் படித்தபோதுதான் கடுகின் மேல் உண்மையான மரியாதை வந்தது. முழுக் கடுகுக்குள் காரம் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை. பழுப்பிலும் கருப்பிலும் சினிகிரின் என்ற பொருள் ஓரிடத்தில், மைரோசினேஸ் என்ற நொதி வேறிடத்தில், தனித்தனியாக இருக்கின்றன. மணி உடைந்து தண்ணீர் பட்டால்தான் இரண்டும் சந்திக்கும். அப்போது பிறக்கும் அல்லைல் ஐசோதயோசயனேட்தான் மூக்கைப் பிடிக்கிறது. மஞ்சள் கடுகில் இருப்பது சினால்பின். அதிலிருந்து வரும் காரம் எளிதில் ஆவியாகாது, நாக்கோடு நின்றுவிடும். அதனால் இரண்டு வகையும் வேண்டும். நான் செய்த தவறும் புரிந்தது: விஸ்கியில் சுமார் 40 சதவீதம் சாராயம். அதற்குள் நொதிக்கு ஏது வேலை?

இரண்டாம் முறை அவசரப்பட்டேன். பொடித்த கடுகில் கொதிநீரை ஊற்றினேன். சூட்டில் நொதி செத்துப்போகும். கிடைத்தது காரமில்லாத, கசக்கும் கூழ். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

அடுத்த முயற்சிக்கு முன் கடுகின் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். கி.பி. முதல் நூற்றாண்டில் வேளாண்மை பற்றி எழுதிய ரோமானியர் கொலுமெல்லா ஒரு செய்முறை தருகிறார். கடுகைக் கழுவி, குளிர்ந்த நீரில் இரண்டு மணி நேரம் விட்டு, உரலில் இடித்து, அந்த விழுதின் மேல் நெருப்புத் துண்டங்களை வைத்து, சோடா உப்பு கரைத்த நீரை ஊற்றிக் கசப்பை வடித்துவிடச் சொல்கிறார். வெள்ளை வினிகர் வருவது கடைசியில்தான்! முதலில் நீர், பிறகு புளிப்பு. நொதி என்ற சொல்லே இல்லாத காலத்தில் கைப்பழக்கத்தால் கண்ட வரிசை இது. அதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஆங்கிலத்தின் ‘மஸ்டர்ட்’ என்ற பெயரே புதுத் திராட்சைச் சாற்றைக் குறிக்கும் ‘முஸ்டம்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தச் சாற்றில்தான் ஒரு காலத்தில் கடுகைக் குழைத்தார்கள்.

இன்னொருவர் இங்கிலாந்தின் டர்ஹாம் நகரத்து திருமதி கிளெமன்ட்ஸ். 1720 வாக்கில் கடுகை மாவு போல நைஸாக அரைத்துச் சலித்து விற்றவர். என் மூன்றாம் முறைக்கு அவரிடமும் கடன்பட்டேன்: பாதிக் கடுகை மாவாக்கினேன், மீதியை முழுதாக வைத்தேன்.

மூன்றாம் முறை இப்படி. முழுக் கடுகு 50 கிராமை 60 மில்லி ஆப்பிள் வினிகரில் ஓர் இரவு ஊறவைத்தேன். இது பல்லில் கடிபடத்தான், காரத்துக்கு அல்ல. விஸ்கி 60 மில்லியைச் சிறுதீயில் பாதியாகச் சுண்டவைத்தேன். ஆவி தீப்பற்றக்கூடியது, கிட்டே குனிய வேண்டாம். சாராயத்தின் முரட்டுத்தனம் போய், பீப்பாய் தந்த வெனிலா மணமும் இனிப்பும் தங்கின. அதை நன்றாக ஆறவிட்டேன். மாவாக்கிய 50 கிராமில் குளிர்ந்த நீர் 80 மில்லி விட்டுக் குழைத்து, பத்து நிமிடம் தொடாமல் வைத்தேன். மூடியைத் திறந்தபோது கண்ணில் நீர் வந்துவிட்டது. உடனே வினிகரோடு முழுக் கடுகைக் கொட்டினேன். வெறும் நீரில் விட்டால் காரம் சில மணி நேரத்தில் மங்கிவிடும். புளிப்பு சேர்ந்தால் அதைப் பிடித்து நிறுத்தும். பிறகு உப்பு ஒரு தேக்கரண்டி, தேன் ஒரு மேசைக்கரண்டி, சுண்டிய விஸ்கி. எல்லாம் கலந்தபின் சுண்டவைக்காத விஸ்கி 15 மில்லி.

அன்று மாலை: தண்ணியாக இருந்தது, கசந்தது. பயந்துவிட்டேன்.
மூன்றாம் நாள்: முழுக் கடுகு நீரை இழுத்துக்கொண்டு விழுது இறுகியது. கசப்பு பாதி.
பத்தாம் நாள்: கசப்பு தேடினாலும் இல்லை. மூக்கில் காரம், அதன் பின்னே ஓக். கடி பதத்தில் மணிகள் உடைகின்றன. விஸ்கி இன்னும் ஒரு பிடி கூடுதலாக இருந்திருக்கலாம். அடுத்த முறை 75 மில்லி சுண்டவைக்கப் போகிறேன்.

குப்பி குளிர்சாதனப் பெட்டியில் இருக்கிறது. பிரான்சின் டிஜோனில் ழான் நேழோன் என்பவர் வினிகருக்குப் பதிலாகக் காய்த் திராட்சையின் புளிப்புச் சாற்றைச் சேர்த்துக் கடுகை மென்மையாக்கினார். விஸ்கியின் மணத்துக்கு வினிகரை விட அந்தப் புளிப்புதான் பொருந்தும் என்று தோன்றுகிறது. நான்காம் முறைக்குப் பச்சைத் திராட்சைக் காய் தேடிக்கொண்டிருக்கிறேன்.