ஊதுலைக்குப் பக்கத்து வேலை

2024 மார்ச் 4, திங்கள்

அலுவலகத்துக்குப் புது வேலை வந்திருக்கிறது. ஜேர்மனியின் ரூர் பிரதேசத்தில் ஒரு சின்ன நகரம், அதில் பழைய நிலக்கரி இறக்கும் வளவு. துருப்பிடித்த தண்டவாளம், பாதி இடிந்த கொங்கிறீற் தொட்டி, மிச்சமெல்லாம் கறுப்பு மண். அதைப் பூங்காவாக்க வேண்டும். காணிக்காரர் அனுப்பிய கடிதத்தில் முதல் விருப்பமே "டூயிஸ்பேர்க்கில் இருப்பதுபோல இரவில் கலர் விளக்கு" என்பதுதான். மண்ணைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இங்குள்ள எங்கள் ஆட்களிடம் லாண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட் என்று சொன்னால், "ஓ, பூக்கண்டு நடுற வேலையோ" என்பார்கள். ஓம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். இந்த முறை கொஞ்சம் விளக்கமாக எழுதிப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. டூயிஸ்பேர்க் நகரில் பழைய இரும்பாலை ஒன்றைப் பூங்காவாக்கிய பேற்றர் லாட்ஸிலிருந்து தொடங்குவதுதான் சரி. இந்த ஊரில் பழைய தொழிற்சாலைக் காணியைத் தொடுகிற எவரும் அவரைத் தாண்டிப் போக முடியாது.

மார்ச் 6, புதன்

லாட்ஸ் 1939 இல் டார்ம்ஸ்டாட்டில் பிறந்தவர். வளர்ந்தது சார்லாந்தில், நிலக்கரியும் உருக்கும் சோறு போட்ட மாநிலம். மூனிச்சில் படித்தார். 1968 இல் மனைவி அனலீஸவுடன் சேர்ந்து சொந்த அலுவலகம் திறந்தார். பிறகு முதலில் காசலிலும் 1983 முதல் மூனிச்சிலும் பேராசிரியராக இருந்தார்.

டூயிஸ்பேர்க்கை மட்டும் பார்க்கிறவர்களுக்கு, ஐம்பது வயதில் திடீரென்று ஒரு யோசனை வந்து செய்தார் போலிருக்கும். அதற்கு முன்னமே 80களில் சார்புறூக்கன் நகரில் ஒத்திகை பார்த்துவிட்டார். அங்கே ஆற்றங்கரையில் நிலக்கரித் துறைமுகம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து நாசமாகி, கல்லும் செங்கல்லுமாகக் கிடந்த இடம். வேறொருவர் என்றால் இடிபாட்டை லொறியில் ஏற்றி அனுப்பிவிட்டு, நல்ல மண் கொட்டிப் புல் விரித்திருப்பார். லாட்ஸ் அந்த இடிபாட்டையே தரம் பிரித்து மதிலாகக் கட்டினார். படிக்கிற காலத்தில் போய்ப் பார்த்திருக்கிறேன். ஒரே மதிலில் பல சாதிச் செங்கல், இடையிடையே வெட்டிய கல், அதற்கிடையில் முளைத்த செடி. அன்று எனக்கு அது பிடிக்கவில்லை, ஒழுங்கில்லாத வேலை மாதிரி இருந்தது. இப்போது பிடிக்கும்.

டூயிஸ்பேர்க்குக்குப் பிறகு இத்தாலியின் தூரின் நகரில் பார்க்கோ டோரா: ஃபியற்றின் உருக்காலையும் மிஷெலின் டயர் ஆலையும் இருந்த நிலம். அங்கும் பெரிய மண்டபத்தின் இரும்புத் தூண்களைச் செம்மை நிறத்தில் அப்படியே நிற்க விட்டார்கள். 2016 இல் எங்கள் துறையின் சர்வதேச விருதான ஜெலிக்கோ விருது. விருதுக் கதை இவ்வளவு போதும்.

மார்ச் 9, சனி

அப்பாவையும் கூட்டிக்கொண்டு டூயிஸ்பேர்க் போனேன். பிரதான ரயில் நிலையத்திலிருந்து 903 ஆம் இலக்க ட்ராம். பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை, இரவு பகல் எந்நேரமும் திறந்திருக்கும்.

அப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மெக்கானிக்காக இருந்தவர். பூங்கா என்று சொல்லித்தான் கூட்டிப்போனேன். உள்ளே வந்ததும் அவர் மரத்தைப் பார்க்கவில்லை, புல்லைப் பார்க்கவில்லை. தலையை அண்ணாந்து குழாய்களைப் பார்த்தார்.

"பிள்ளை, இது பார்க் இல்லை. இது ஃபக்டரி."

"ரெண்டும்தான் அப்பா."

"எப்ப மூடினது?"

1901 இல் தொடங்கி 1985 ஏப்ரலில் நின்றது என்றேன். "எங்கட தொண்ணூறில நிண்டது" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார்.

தீசன் கம்பனியின் மைடரிஹ் இரும்பாலை இது. தாதுவை உருக்கி இரும்பாக்கிய ஐந்து ஊதுலைகளில் மூன்று மிச்சம். கடைசியாக அணைந்தது ஐந்தாம் உலை, அதில்தான் ஆட்கள் ஏறலாம். கிட்டத்தட்ட எழுபது மீற்றர் உயரம், கம்பிவலைப் படி, கால்களுக்கிடையில் கீழே தரை தெரியும். முழங்கால் நோகுது என்று சொன்ன அப்பா முதல் தட்டோடு நிற்பார் என்று நினைத்தேன். ஒவ்வொரு வால்வாக நின்று பார்த்தபடியே உச்சிக்கு வந்துவிட்டார். மேலேயிருந்து றைன் பக்கம் பார்த்தால், இன்னும் புகைக்கிற உருக்காலைகள். "அதுகள் வேலை செய்யுது, இது லீவில நிக்குது" என்றார். வழிகாட்டிப் பலகைகள் எல்லாவற்றையும்விட இந்த விளக்கம் எனக்குப் பிடித்தது.

தாதுக் களஞ்சியங்களின் கொங்கிறீற் சுவரில் மலையேறும் சங்கத்துக்காரர் கயிறு கட்டி ஏறுகிறார்கள். வாயுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, உள்ளே 13 மீற்றர் ஆழத்தில் சுழியோடுகிறார்கள். இவை எல்லாப் புகைப்படத்திலும் வரும்.

நாங்கள் அதிக நேரம் நின்றது உலைகளுக்கிடையில் உள்ள இரும்புச் சதுக்கத்தில். 49 இரும்புத் தகடுகள் சதுரமாகப் பதித்திருக்கின்றன. ஒவ்வொன்றும் இரண்டு மீற்றருக்கும் கூடிய அகலம், பல தொன் எடை. ஒரு காலத்தில் இவை வார்ப்புக் கூடத்தில் கிடந்தவை. உருகிய இரும்பின் சூடும் தெறிப்பும் பட்டுப் பட்டு மேற்பரப்பு அரித்துப்போய், ஒரு தகட்டின் முகம் இன்னொன்றுக்கு இல்லை. லாட்ஸ் அவற்றைக் கிளப்பி, கழுவி, இங்கே கொண்டுவந்து போட்டார். புதிதாக எதுவும் வரையவில்லை. அப்பா குனிந்து ஒரு குழிக்குள் விரலை விட்டுப் பார்த்தார். சுண்ணாம்புக்கல் போடுவார்களா என்று கேட்டார். ஓம், தாதுவோடும் கோக் என்ற சுட்ட நிலக்கரியோடும் சுண்ணாம்புக்கல்லும் போகும், அழுக்கைப் பிடித்துக் கசடாக இறங்கும் என்றேன். "கசடை அரைச்சா நல்ல சீமெந்து வரும். அப்ப இதுவும் எங்கட சாமான்தான்" என்றார். அதற்குப் பிறகு அவர்தான் எனக்கு வழிகாட்டி.

மார்ச் 12, செவ்வாய்

தண்ணீர் விஷயத்தைத் தனியாக எழுத வேண்டும். பூங்காவின் நடுவில் போகிற அந்த நேரான வாய்க்காலைப் படம் எடுக்க எவரும் மினக்கெடுவதில்லை. என் கணக்கில் லாட்ஸின் பெரிய வேலை அதுதான்.

எம்ஷர் ஆற்றின் பழைய கிளை அது. நூறு வருடங்களுக்கு மேலாக எம்ஷர் என்றால் திறந்த மலக்கால்வாய் என்றுதான் இங்குள்ளவர்கள் பொருள் கொண்டார்கள். ஏன் குழாய் புதைக்கவில்லை? நிலத்தடியில் நிலக்கரி வெட்ட வெட்ட மேலே தரை இறங்கிக்கொண்டே இருந்தது. புதைத்த குழாய் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே கொங்கிறீற் தொட்டிலில் கிடத்தி, கழிவு முழுவதையும் வெளியாக ஓடவிட்டார்கள். சுரங்கங்கள் மூடி, தரை இறங்குவது நின்ற பிறகுதான் குழாயைப் பற்றியே பேச முடிந்தது. 1992 இல் தொடங்கிய முழு எம்ஷர் மாற்று வேலை 2021 கடைசியில்தான் முடிந்தது. ஏறக்குறைய 550 கோடி யூரோ.

பூங்காவுக்குள் இதை முன்கூட்டியே செய்தார்கள். கழிவு நீர் பெரிய குழாயில் நிலத்துக்கடியில் போகிறது. அதற்கு மேல் களிமண் அடைத்து, அந்த வாய்க்காலில் மழைநீரை மட்டும் விட்டார்கள். கூரைகளிலிருந்தும் தளங்களிலிருந்தும் வடிகிற நீர், கண்ணுக்குத் தெரியிற பீலிகளிலும் பழைய குழாய்களிலும் வந்து விழுகிறது. பழைய கோபுரம் ஒன்றில் காற்றாடி பொருத்தி, அதன் சுழற்சியில் தண்ணீரை மேலே தூக்கி மீண்டும் ஓடவிடுகிறார்கள்.

இங்கே லாட்ஸ் எடுத்த முடிவைக் கவனிக்க வேண்டும். வாய்க்காலை வளைத்து நெளித்து, கரையில் உருண்டைக்கல் போட்டு, "ஆறு திரும்பி வந்துவிட்டது" என்று காட்டியிருக்கலாம். ஊர்ச்சனமும் கைதட்டியிருக்கும். அவர் நேர்கோட்டை நேர்கோடாகவே விட்டார். ஊற்று செத்துப்போன இடம், அடியில் நஞ்சு உள்ள மண். ஆறு மாதிரி வேஷம் போட்டால் பொய். இது மனிதர் செய்த வாய்க்கால், மனிதர் பராமரித்தால்தான் ஓடும் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும்.

மார்ச் 17, ஞாயிறு

எங்கள் வளவின் மண் பரிசோதனை முடிவு வெள்ளிக்கிழமை வந்தது. எதிர்பார்த்ததுதான், தொட்டியைச் சுற்றித் தார் வகைச் சேர்மங்கள், மற்றப் பக்கம் பரவாயில்லை.

இந்த இடத்தில் இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்க்கிறேன். அமெரிக்காவின் சியாற்றிலில் ரிச்சர்ட் ஹாக் என்பவர், லாட்ஸுக்கு முன்னமே, நிலக்கரியிலிருந்து வாயு தயாரித்த ஆலையை இடிக்காமல் பூங்காவாக்கினார். காஸ் வேர்க்ஸ் பூங்கா, திறந்தது 1975. அங்கே எண்ணெய் ஊறிய மண்ணைக் கிளறி, கழிவுச்சேறும் மரத்தூளும் கலந்து, நுண்ணுயிர்கள் அந்த எண்ணெயைத் தின்ன விட்டார்கள். துணிச்சலான யோசனை. ஆனால் 1984 இல் மண்ணைச் சோதிக்கப் பூங்காவைச் சில மாதங்கள் மூட வேண்டி வந்தது. அதற்குப் பிறகும் சுத்திகரிப்பு தொடர்ந்தது.

லாட்ஸ் வேறு வழி. மிக மோசமான சாமான்களைப் பழைய களஞ்சியங்களுக்குள் போட்டு மூடி, மேலே தோட்டம் வைத்தார். சில இடங்களில் ஆட்களைப் பாதையோடு நிறுத்தி, மண்ணைத் தன்பாட்டில் ஆற விட்டார். நஞ்சு போய்விட்டது என்று அவர் சொல்லவில்லை, அதற்கு ஒரு விலாசம் கொடுத்தார். இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது, முப்பது வருடம் கழித்து வருகிறவனும் போய்ப் பார்க்கலாம். இந்த வழி என் மனதுக்கு நெருக்கம். ஹாக்கின் நம்பிக்கையும் எனக்குப் பிடிக்கும், ஆனால் என் கையெழுத்தைப் போட மாட்டேன்.

மார்ச் 18, திங்கள்

காணிக்காரரோடு கூட்டம். விளக்கு, விளக்கு, விளக்கு. நியாயமாகச் சொன்னால் விளக்குக்கும் பங்கு உண்டு. டூயிஸ்பேர்க்கில் 1996 இல் ஜொனதன் பார்க் செய்த ஒளியமைப்பு வந்த பிறகு, இரவில் அதைப் பார்க்கவென்றே சனம் வரத் தொடங்கியது. பழைய இரும்பு என்று முகம் சுளித்தவர்களையும் அது இழுத்திருக்கும். அதற்கு முன்னால் வாய்க்காலும் மண்ணும் ஒழுங்கு செய்யப்பட்டிருந்தன என்பதைத்தான் கூட்டத்தில் விளங்கப்படுத்த முடியவில்லை.

ஏப்ரல் 6, சனி

ஹாம் நகரில் அப்பா வீட்டில். காமாட்சி அம்மன் கோயிலுக்குப் போனோம். 2002 இல் குடமுழுக்கு நடந்த கோயில், இருப்பதோ தொழிற்பேட்டைக்குள். கோபுரத்தைத் தாண்டி அனல்மின் நிலையத்தின் பக்கம் பார்வை போகும், தீர்த்தத்துக்குப் பக்கத்துக் கப்பல் கால்வாய். எங்கள் சனம் தொழிற்சாலைக் காணியை என்ன செய்யலாம் என்று லாட்ஸிடம் கேட்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அப்பா கேட்டார்: காங்கேசன்துறைத் தொழிற்சாலையை இப்படிச் செய்யலாமா? எனக்குச் சட்டென்று ஓம் சொல்ல வரவில்லை. டூயிஸ்பேர்க்கில் ஆலையை வைத்திருக்க வேண்டும் என்று ஊர்க்காரர் குழு சேர்ந்து போராடினார்கள். 1989 முதல் பத்து வருடம் ஓடிய எம்ஷர் பூங்காத் திட்டம் பணத்தையும் காலத்தையும் கொடுத்தது. அது இல்லாமல் லாட்ஸ் நல்ல பேராசிரியராக மட்டும் இருந்திருப்பார். சுண்ணாம்புக்கல் வெட்டிய பள்ளங்களும் அங்கே இருக்கின்றன. முதலில் ஊர்ச்சனத்துக்கு அந்தக் காணியில் என்ன தேவை என்று கேட்க வேண்டும், வேலை வேண்டும் என்று சொன்னால் அதுவும் பதில்தான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "முதல்ல மெஷினுகளுக்குக் கூரை போடட்டும், மிச்சத்தைப் பிறகு கதைக்கலாம்" என்றார்.

இன்னொரு விஷயம், செடிகள். டூயிஸ்பேர்க் வளவில் 700க்கும் மேற்பட்ட தாவர இனங்கள் எண்ணியிருக்கிறார்கள். சில, வெளிநாட்டுத் தாதுவோடு விதையாக வந்து இறங்கியவை. நடாமல் வந்த பேர்ச் மரங்கள் தண்டவாளங்களுக்கிடையில் காடாக நிற்கின்றன. அவற்றை அப்படியே விட்டால் சில வருடங்களில் தண்டவாளம் தெரியாது. அதனால் எங்கே வெட்டுவது, எங்கே விடுவது என்று தோட்டக்காரர்கள் பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. "தானாக வளரும் பூங்கா" என்று நம்பி, பராமரிப்புக்குக் காசு ஒதுக்காத நகரசபைகள் உண்டு. பெயர் வேண்டாம்.

ஏப்ரல் 15, திங்கள்

வரைபடங்களின் ஒழுங்கை மாற்றிக் கொண்டுபோனேன். முதல் தாளில் தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்பது. இரண்டாவது தாளில் தார் மண்ணை மூடி வைக்கும் தொட்டி, அதற்கு மேல் ஏறிப் பார்க்க ஒரு படி. பாதை, தண்டவாளம், மரம் எல்லாம் பிறகு. விளக்கு கடைசித் தாள், மூன்று கம்பம் மட்டும்.

காணிக்காரர் கடைசித் தாளைத்தான் முதலில் புரட்டினார். பிறகு திரும்பி வந்து இரண்டாவது தாளில் நின்றார். தொட்டியின் மூடி எத்தனை வருடம் தாங்கும், யார் பார்ப்பது, செலவு யாருடையது என்று கேட்டார். இதுவரை அவர் கேட்டவற்றில் உருப்படியான கேள்வி. பதில் சொல்ல இன்னும் துளையிட்டுப் பார்க்க வேண்டும் என்றேன், ஒப்புக்கொண்டார்.

துளையிடும் ஆட்கள் வியாழன் காலை ஏழு மணிக்கு வருகிறார்கள். கேற் சாவி யாரிடம் இருக்கிறது என்றுதான் இன்னும் எவருக்கும் தெரியவில்லை.