சிக்மாவில் படிந்த கை, பையில் பட்ட பாடு

மூன்று வாரமாகத் தினம் அரை மணி நேரம் இரண்டு கணிதக் குறிகளோடு மல்லுக்கட்டுகிறேன்: வரிசையாகக் கூட்டச் சொல்லும் சிக்மா (Σ), வரிசையாகப் பெருக்கச் சொல்லும் பை (Π).

சிக்மா சீக்கிரமே வசப்பட்டது. கீழே தொடக்க எண், மேலே முடிவு எண், பக்கத்தில் கூட்ட வேண்டிய கோவை. க=1 முதல் 5 வரை (2க−1) என்றால் 1+3+5+7+9, கூடுதல் 25. கூடுதலுக்கு இந்தக் கிரேக்க எழுத்தை 1755இல் ஆய்லர் பயன்படுத்தியிருக்கிறார். சறுக்கிய இடம் ஒன்றுதான்: 3 முதல் 7 வரை உறுப்புகள் நான்கு என்று நினைத்தேன். விரல்விட்டு எண்ணினால் ஐந்து.

இரண்டாம் வாரம் பை. 3.14 என்னும் பை சிற்றெழுத்து, இது பேரெழுத்து. பெயரைத் தவிர உறவு கிடையாது. முதல் கணக்கு, க=1 முதல் 4 வரை 2க. சிக்மாவில் பொதுவான 2ஐ வெளியே எடுத்து 2×(1+2+3+4)=20 என்று போட்டுப் பழகிய கை, இங்கும் அதையே செய்தது: 2×(1×2×3×4)=2×24=48. விடைப் பக்கத்தில் 384 என்றிருந்தது. அச்சுப் பிழை என்றே முதலில் நம்பினேன்! பிறகு விரித்து எழுதினேன்: 2×4×6×8. உறுப்புக்கு ஒரு 2 இருக்கிறது. வெளியே வருவதென்றால் நான்கும் சேர்ந்துதான் வரும். 16×24=384.

இன்னொரு நாள் தொடக்க எண்ணை 0 என்று போட்டுவிட்டு, எதைப் பெருக்கினாலும் 0 வருகிறதே என்று விழித்தேன். அதை விடுங்கள். உறுப்பே இல்லாத பைக்கு மதிப்பு 1 என்பதுதான் இரண்டு நாள் எரிச்சலூட்டியது. கூட்டத் தொடங்கும் முன் கையில் 0 இருக்கலாம். பெருக்கத் தொடங்கும் முன் 0 இருந்தால் கடைசிவரை 0தான். 1 இருந்தால் எதையும் கெடுக்காது. காரணீயப் பெருக்கம் என்பது 1 முதல் ஓர் எண் வரை பெருக்குவது; 0இன் காரணீயப் பெருக்கம் (0!) 1 என்று பள்ளியில் மனப்பாடம் செய்ததற்கு இப்போதுதான் பொருள் புரிந்தது.

இந்த வாரம் பிடித்துப்போனது: க=2 முதல் 10 வரை (1−1/க²). கால்குலேட்டரில் பெருக்கினால் 0.55. ஒன்பது பின்னங்களைப் பெருக்கி இவ்வளவு சுத்தமான எண்ணா? உறுப்பை (க−1)/க, (க+1)/க என்று இரண்டாகப் பிரித்தேன். முதல் பகுதி 1/2×2/3×…×9/10. நடுவில் எல்லாம் அடிபட்டு 1/10. இரண்டாம் பகுதி 3/2×4/3×…×11/10, மிஞ்சுவது 11/2. பெருக்கினால் 11/20.

இப்போது இரட்டைச் சிக்மா, ஒரு சிக்மாவுக்குள் இன்னொன்று. உள்சிக்மாவின் மேல் எல்லை, வெளிச்சிக்மாவின் மாறியாகவே இருக்கிறது. கூட்டும் வரிசையை மாற்றினால் எல்லைகளும் மாற வேண்டும். நேற்று மூன்று முறை போட்டேன், மூன்று விடை வந்தது.